அப்பாவின் தராசில் நான்

உடம்பு இளைத்தவர்களைப் பார்த்து ஊர் வாய் பிளக்கும். நான் வாய் பிளப்பது, இளைக்கவே இளைக்காத என் உடம்பைப் பார்த்துத்தான். பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போன வருடங்களில் எங்கள் மலையூர் அரவேணுவில் எல்லாமே மெலிந்தது: கடைகள், கல்யாணப் பந்தி, அப்பாவின் முகம். ரேஷன் அரிசியும் ரசமும் தின்றுகொண்டு நான் மட்டும் பெருத்தேன். எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"குழந்தைச் சதைதானுங்க, வளர்ந்தா தானா போயிரும்" என்பாள் அம்மா, கேட்டவர்களிடமெல்லாம். (கேட்காதவர்களிடமும்.)

எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளிப் பெண்கள் கபடி அணிக்குக் கோயமுத்தூரில் ஆட வாய்ப்பு வந்தது. எங்களில் பாதிப் பேர் மலையை விட்டு இறங்கியதே இல்லை. பஸ் செலவுக்குப் பயந்து பலர் விலக, சரியாக ஏழு பேர் மிஞ்சினோம். எடைக்கு வரம்பு உண்டு. பள்ளியிலோ மெஷின் கிடையாது. "உங்கப்பா தராசுல நிறுத்துட்டு வா" என்றார் விளையாட்டு டீச்சர்.

அப்பா சிறு விவசாயிகளிடம் இலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் ஏஜென்ட். இலை மூட்டை மாட்டும் கொக்கியில், சாக்குக்குள் என்னை உட்காரவைத்துத் தொங்கவிட்டார். இலை கொண்டுவந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்பா முள்ளைப் பார்த்தார், வெளியே மழையைப் பார்த்தார், பழக்கதோஷத்தில் இலை மூட்டைக்குப் போலவே சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துவிட்டு ஓர் எடை சொன்னார். வரம்புக்குள்! என் உடம்பின் மேல் எனக்கு அப்படியொரு மரியாதை வந்தது.

கோயமுத்தூரில் மெஷின் மேல் ஏறினேன். எடை பார்த்த பெண் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "ஒம்பது கிலோ கூட இருக்குதே கண்ணு."

"ஏனுங்க, ஈரத்துக்குக் கழிக்கலீங்களா?" என்று கேட்டேன். (சத்தியமாகக் கேட்டேன்.)

மைதானமே சிரித்தது. ஆள் குறைந்த அணியைச் சேர்க்க முடியாது என்றுவிட்டார்கள். ஆடாமலேயே பஸ் ஏறினோம். கேப்டன் மகேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

மறுநாள் நான் போவதற்குள் செய்தி அப்பாவின் இலைக் கொட்டகைக்குப் போய்விட்டது. முந்தின வாரம் வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவரான போஜன் மாமா, மூட்டையை இறக்காமலேயே அப்பாவிடம் கேட்டார்.

"ஏனுங்க, பெத்த புள்ளைக்கே ஒம்பது கிலோ கழிச்சீங்க. அப்ப எங்க இலைக்கு எவ்வளவுங்க கழிக்கறீங்க?"

அப்பா தராசுக் கொக்கியை நேராக்கினார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மூட்டைகளைப் பார்த்தார்கள். அன்றோடு ஈரக் கழிவு ஒழிந்தது. விலை விழுந்து கிடந்த காலத்தில் அந்தச் சில கிலோக்கள் எத்தனையோ வீடுகளில் சோறாயின. என் சதைக்கு இவ்வளவு சக்தியா என்று பிரமித்துப்போனேன்.

என்னளவு குண்டாக இருந்த தங்கை வளர்ந்ததும் கொடி போல ஆகிவிட்டாள். சிறுவயதுச் சதை பலருக்குக் கடைசிவரை கூட வரும், சிலருக்கு வராது என்றார் டாக்டர். எனக்கு வந்தது. இப்போதும் நானும் அப்பாவும் அரவேணுவில் பஸ் இறங்கினால், டீக்கடையிலிருந்து போஜன் மாமா ஊருக்கே கேட்கக் கத்துவார்:

"பாருங்கப்பா, நம்ம சாட்சி ஒரு கிராம் குறையாம வந்திருக்குது!"

கடையே சிரிக்கும், நானும் சிரிப்பேன். அப்பா மட்டும் வராத பஸ்ஸை எட்டி எட்டிப் பார்ப்பார்.