டையூ தீவில் தாய்மாமன் பறந்த வைபவம்

குளத்தூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புத் தங்கை செவந்திக்கு, அண்ணன் நாகராசு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அண்ணியும் சுகம். நீயும், உன் மாடும், போன வாரம் மக்கர் செய்த மோட்டாரும் சுகமாயிருக்கத் திருவரங்குளத்துச் சிவனிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒன்று. இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்னாடியே தெரியும். என் மடியில் உட்காரவைத்து உன் மகள் இலக்கியாவுக்குக் காது குத்தினார்களே, அன்றைக்குப் பிள்ளை அழவில்லை. பந்தலுக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்தது. "இது காத்துலயும் தண்ணியிலயும்தான் பொழைக்கப்போவுது"ன்னு அங்கேயே சொன்னேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை, பந்திக்கு ஓடிவிட்டார்கள்.

இதைப் போனில் சொல்லலாம். சொன்னால் நீ பாதியில் அழுவாய், நீ அழுதால் நான் ஏதாவது பொய் சொல்லிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதி, உன் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நீ சொல்லி அனுப்பியது ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "அண்ணே, குசராத்துப் பக்கம் ஏதோ தீவாம். அங்க கடல்ல போட்டு ஓட்டி, ஆளுகளப் பாராசூட்டுல பறக்கவிடுற வேலையாம். பொம்பளப்புள்ளைக்கு இது ஒரு வேலையா? தாய்மாமன் நீ போயி, அதுல ஏறி எறங்கி, பயமில்லன்னு ஒன் வாயால சொல்லு, விடுறேன். இல்லாட்டி கையோட கூட்டியாந்துரு." வேலையில் நிலைப்பாளா மாட்டாளா என்று கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். பிள்ளை சோறு இறங்காமல் இருக்கிறது.

சரி, ஊரைக் கேள். நம்ம திருமயம் கோட்டையைத் தூக்கிக் கொண்டுபோய்க் கடலுக்குள் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு கோட்டை. பீரங்கியெல்லாம் இன்னமும் கடலையே முறைத்துக்கொண்டிருக்கிறது. போர்த்துக்கீசியன் கட்டினானாம். திருமயத்தைப் பார்த்துத்தான் கட்டியிருப்பான் என்று காவலாளிக்குத் தமிழிலேயே விளக்கினேன், அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் மறுக்கவில்லை. பிறகு ஒரு குகை. குன்றாண்டார்கோவிலில் சாமிக்காகக் குடைந்தார்கள். இங்கே கல்லை வெட்டிக்கொண்டுபோன மிச்சம்தான் குகையாம், மேலே ஓட்டை வழியாக வெயில் தூண் தூணாக இறங்குகிறது, மிச்சமே இப்படியா என்று நின்றுவிட்டேன். அப்புறம் கடலோரப் பாறையில் அஞ்சு லிங்கம். அலை வருகிறது, முழுக்காட்டுகிறது, போகிறது, மறுபடி வருகிறது. குடம் தூக்க ஆள் இல்லை, மணி அடிக்க ஆள் இல்லை, கடலே எல்லாம் செய்கிறது. கால் மணி நேரம் நான் பேசவில்லை, செவந்தி. கூட வந்த உன் வீட்டுக்காரர், நம்ம மாப்பிள்ளை, பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தாய்மாமன் வெறுங்கையோடு போகலாமா? ஏழு தட்டுச் சீர் கொண்டுபோனேன். பிள்ளை வேலை பார்க்கிற நாகோவா கடற்கரையில் தட்டுத் தூக்க நாங்கள் ரெண்டே பேர், அதனால் அதே ஊர்வலத்தை நாலு தடவை நடத்தினோம். பார்க்க வந்த குசராத்துக் குடும்பம் ஒன்று வரிசையில் சேர்ந்துகொண்டு வாழைப்பழத்தைத் தின்று தீர்த்தது. அப்புறம் பிள்ளை ஓட்டுகிற போட்டுக்கு எலுமிச்சம்பழம் வைக்கப் போனால், அதற்குச் சக்கரமே இல்லை! எதன் அடியில் வைப்பது? சரியென்று மூக்கில் தேங்காயை உடைத்தேன். முதலாளி கத்திக்கொண்டு ஓடிவந்தார், அவருக்கு முன்னால் இலக்கியா ஓடிவந்தாள்.

"மாமா! இது பைபரு மாமா, ஒடைஞ்சிரும்!"

"ஒடையலையே ஆத்தா, தேங்காதான ஒடைஞ்சிச்சு!"

இப்போது முக்கியமானது. ஏறினேன். இடுப்பில் வார் மாட்டினார்கள், இலக்கியா போட்டைக் கிளப்பினாள், மணல் காலை விட்டுவிட்டது. மாப்பிள்ளையைத்தான் உனக்குத் தெரியுமே, பையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றார். நான் போகிறேன், போகிறேன், ஏழு பனை உயரம். கோட்டை கொழுக்கட்டைத் தட்டு மாதிரி தெரிகிறது. ஒரு கழுகு பக்கத்தில் வந்து என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது. ஆனால் செவந்தி, மேலே சத்தமே இல்லை. கீழே அத்தனை அலை அடிக்கிறது, மேலே ஒன்றுமில்லை. கயிற்றின் அந்த முனையில் வெள்ளைப் புள்ளியாக ஒரு போட்டு, அதில் நம்ம பிள்ளை, திரும்பித் திரும்பி மேலேயே பார்க்கிறது. கீழே விடாது என்று தெரிந்துவிட்டது. இறக்கியபோது முழங்கால்கூட நனையவில்லை.

ஆகையால் பயமில்லை என்று என் வாயால் சொல்கிறேன். பிள்ளையை விடு. உனக்கும் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் தாய்மாமனின் பூரண ஆசிகள்.

இப்படிக்கு,
நாகராசு

பின்குறிப்பு: மாப்பிள்ளை உள்ளே காப்பி குடிக்கிறார், அதற்குள் எழுதி ஒட்டிவிடுகிறேன். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மற்றதெல்லாம் நடந்தது. ஒன்று மட்டும் நானாகக் கட்டியது. பறந்தது நானில்லை. வாரை மாட்டியதும் பயம் வந்து அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். "மாமா ஏறலைன்னா அம்மா என்னைய விடமாட்டாங்களே"ன்னு பிள்ளை கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை பையைக் கீழே வைத்தார். "எம்மக ஓட்டுற போட்டு. நான் ஏறுறேன்"னார். இறங்கி வந்து, "மேல சத்தமே இல்ல மச்சான்"னார். மறுபடி ஏறினார். மூன்று தடவை. மேலே பார்த்ததாக எழுதியதெல்லாம் அவர் சொன்னது. கழுகு மட்டும் என்னுடையது. "நான் ஏறுனேன்னா செவந்தி ஒத்துக்கமாட்டா, நீங்க ஏறுனதாவே இருக்கட்டும்"னு சத்தியமும் வாங்கிவிட்டார். நீ கேட்டது மாமனை, ஏறியது அப்பன். செல்லுமா செல்லாதா என்று, இந்தக் கடிதத்தை நீட்டிக்கொண்டு எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு நீயே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடு.