ரகசியம் காக்கப்படும்

ஆண்பிள்ளை வளர்வதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் வாயைத் திறப்பதில்லை. முருங்கைக் கிளையை நட்டுவிட்டு அது பாட்டுக்கு வளரட்டும் என்று போய்விடுகிற மாதிரி விட்டுவிடுவார்கள். எனக்கு மீசை அரும்பியபோது என் அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "என் ரேசரைத் தொடாதே" என்றார். பருவ வயது பற்றிய என் கல்வி அத்துடன் இனிதே நிறைவடைந்தது.

என் மகனுக்கு நான் அப்படிப்பட்ட அப்பாவாக இருக்க மாட்டேன் என்று சபதம் எடுத்திருந்தேன். (இந்த மாதிரி சபதம் எடுக்கிற ஆட்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.)

ஏழு வருடம் இருக்கும். கவினுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சிட்லபாக்கத்தில் இதே அபார்ட்மெண்டில்தான் இருந்தோம். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் பயிற்சிப் பிரிவு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஹெல்மெட்டை எப்படி மாட்டுவது, எந்த பட்டனைத் தொடக்கூடாது என்றெல்லாம் ஸ்லைடு போட்டுக் காட்டுவேன். ஹெல்மெட் மாட்டுவதற்கு மட்டுமே பதினெட்டு ஸ்லைடு வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் கல்லுப்பு மளமளவென்று தீர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் எடையில் ஏமாற்றுகிறார் என்று என் மனைவி உமா சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் கவின் என்னைத் தனியாக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனான்.

"அப்பா, என் தொண்டையில ஏதோ வியாதிப்பா." வாக்கியம் கரகரவென்று ஆரம்பித்து விசில் மாதிரி முடிந்தது. "தினமும் உப்புத் தண்ணி கொப்பளிக்கிறேன். சரியாவே ஆகல. கிளாஸ்ல பேசுறதையே நிறுத்திட்டேன். யார்கிட்டயும் சொல்லாதப்பா. அம்மாகிட்டகூட."

உண்மையிலேயே பயந்துபோயிருந்தான். அங்கேயே, "வியாதி இல்லடா, குரல் மாறுது, எல்லாப் பசங்களுக்கும் வரும்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் எனக்குள் இருந்த பயிற்சி அதிகாரி விழித்துக்கொண்டான்.

"ரொம்ப நல்ல கேள்வி," என்றேன். "ஞாயித்துக்கிழமை விளக்கமா சொல்றேன்."

மறுநாளே ஸ்லைடு செய்ய உட்கார்ந்தேன். செய்யச் செய்ய, இவ்வளவு அருமையான சரக்கை ஒரே ஒரு பையனுக்கு மட்டும் கொடுப்பது அநியாயம் என்று பட்டது. எதிர் வீட்டு ரஃபீக் பாயிடம் சொன்னேன். பல்லாவரத்தில் செருப்புக்கடை வைத்திருப்பவர். "எங்க இம்ரானையும் சேத்துக்குங்க சார். எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியாம முழிச்சிக்கிட்டிருக்கேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மேல் மாடி எட்வின் சார் பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியர். அவராவது பாதியை ஏற்றுக்கொள்வார் என்று பார்த்தேன். "அந்தப் பாடம் வந்தா, வீட்டுல படிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன் சார். எங்க ஜோயலையும் நீங்களே பாத்துக்குங்க" என்றபடி லிஃப்டுக்குள் மறைந்தார்.

அசோசியேஷன் ஹாலைப் பிடித்தாயிற்று. எங்கள் கம்பெனியில் எந்தப் பயிற்சி என்றாலும் பின்னால் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் தொங்கியாக வேண்டும். பேனர் இல்லாவிட்டால் பயிற்சி நடந்ததாகவே மேலிடம் ஒத்துக்கொள்ளாது. அதிர்ஷ்டவசமாக (அப்போது அப்படித்தான் நினைத்தேன்) உமாவின் தம்பி சங்கர் பெருங்களத்தூரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்தான். ஃபோன் போட்டேன்.

"சங்கர், ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எங்க ஹால்ல ஒரு நிகழ்ச்சி. கவின் பெரியவனாயிட்டு வர்றான்ல, அதுக்குத்தான். ஒரு பேனர் வேணும். மேட்டர் வாட்ஸ்அப்ல அனுப்பறேன்."

சங்கர் தழுதழுத்தபடி, "மாமா, போன மாசம் என் பொண்ணு மஞ்சள் நீராட்டுக்கு அக்கா எவ்ளோ செஞ்சாங்க. நம்ம பையனுக்குன்னா நான் சும்மா இருப்பேனா? எல்லாத்தையும் என்கிட்ட வுட்ருங்க" என்றான்.

ஒரு பேனருக்குப் போய் இவன் ஏன் இப்படி உருகுகிறான் என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. பிள்ளை பெரியவனாகிறான், நிகழ்ச்சி வைத்திருக்கிறேன் என்று தாய்மாமனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான் என்று தெரியாத ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே ஒரு வேன் வந்து நின்றது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பட்டு வேட்டியில் சங்கர் இறங்கினான். அவன் பின்னால் அவன் மனைவி, மைத்துனிகள், யார் யாரோ வரிசையாக இறங்கினார்கள். ஆளுக்கொரு சீர்த்தட்டு. தேங்காய், பழம், பூ, ஜிலேபி, பேண்ட் சட்டை, கைக்கடிகாரம். கடைசியாக வந்த அம்மாள் ஆரத்தித் தட்டே வைத்திருந்தார்.

கேட்டில் இரண்டு பேர் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வேட்டி கட்டிய கவின். பக்கத்தில் ஒரு சிங்கம். 'வாலிபத்தில் அடியெடுத்து வைக்கும் எங்கள் சிங்கக்குட்டியை வாழ்த்துகிறோம்!' ஓரத்தில் தாய்மாமன் கைகூப்பி நின்றான். அதற்குக் கீழே, நான் அனுப்பிய மேட்டர் ஒரு எழுத்து விடாமல்: 'குரல் உடைதல், முகப்பரு, வியர்வை நாற்றம், ரோம வளர்ச்சி. தயக்கம் வேண்டாம். ரகசியம் காக்கப்படும்.'

மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியருக்குக்கூட இவ்வளவு பெரிய விளம்பரம் கிடையாது.

"என்னங்க இது?" என்றாள் உமா.

"பேனர்."

"அது தெரியுது. நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

நான் பதில் சொல்வதற்குள், பால் வாங்கப் போயிருந்த கவின் சைக்கிளில் வந்து கேட்டருகே நின்றான். மேலிருந்து கீழ்வரை படித்தான். அவனைச் சுற்றி வாட்ச்மேனும் தெருக் கிரிக்கெட் கோஷ்டியும் படித்துக்கொண்டிருந்தார்கள். மேலே வந்து, பாலை மேஜையில் வைத்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

பின்னாலேயே சங்கர் சிரித்த முகமாக வந்தான். "பொண்ணுங்களுக்கு மட்டும் செய்யறோம், பசங்களுக்கு இன்னா கொறச்சல்னு யோசிச்சீங்க பாருங்க மாமா! சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் உங்களப் பத்திதான் பேச்சு." இவன்மேல் எப்படிக் கோபப்படுவது?

பாத்ரூம் கதவைத் தட்டினேன்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னுதானேப்பா சொன்னேன்?" குரல் நடுவில் இரண்டாகப் பிளந்தது. "இனிமே உன்கிட்ட எதுவுமே கேக்க மாட்டேன்."

இந்த இடத்தில் வேடிக்கையாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என்னை நம்பி ஒருத்தன் வந்து சொன்னதை நான் கேட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

கால்மிதியின்மேல் உட்கார்ந்து கதவைப் பார்த்துப் பேசினேன். "தப்புதான்டா. உனக்கு வியாதி இல்ல. உள்ள குரல்வளை பெரிசாகுது. அது பழகுற வரைக்கும் ஒரு நேரம் கீச்சுன்னும் ஒரு நேரம் கரகரன்னும் வரும். கொஞ்ச மாசத்துல தானா நின்னுடும். உப்புத் தண்ணியெல்லாம் வேணாம். எனக்கும் வந்துச்சு. கேக்க ஆள் இல்லாம ஊமை மாதிரி திரிஞ்சேன்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்லைடும் தேவைப்படவில்லை. ஆனால் தாழ்ப்பாள் அசையவில்லை.

அப்போதுதான் இம்ரானும் ஜோயலும் பேனாவோடு வந்து நின்றார்கள். இம்ரான் நிலைமையைப் பார்த்துவிட்டு, கதவருகே போய், "கவின், வெளிய வாடா" என்றான். 'வெளிய' பெரிய ஆள் குரலில் வந்தது. 'வாடா' பூனைக்குட்டிக் குரலில் வந்தது.

உள்ளேயிருந்து, "டேய், உனக்குமா?"

"ஆமாடா. அதான் அசெம்ப்ளியில நியூஸ் படிக்க மாட்டேன்னுட்டேன். ஜுரம்னு பொய் சொன்னேன்."

கவின் சிரித்தான். அந்தச் சிரிப்பும் பாதியில் கீச்சிட்டது. அதைக் கேட்டு இம்ரான் சிரிக்க, அதுவும் கீச்சிட்டது. இன்னும் குரல் உடையாத ஜோயல் இரண்டு பேரையும் பொறாமையோடு பார்த்தான். தாழ்ப்பாள் திறந்தது.

பாத்ரூம் வாசலிலேயே மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டார்கள், நான் சொன்னேன். பரு எதற்கு வருகிறது, வியர்வை ஏன் நாறுகிறது, ஒருத்தன் மட்டும் ஏன் திடீரென்று வளர்கிறான். ஜோயல் என் காதோடு ஒன்று கேட்டான். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன், ஒரு தடவை பட்டது போதும். அது நோயும் இல்லை, தப்பும் இல்லை என்று சொன்னதும் அவன் விட்ட பெருமூச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பேனரைக் கழற்றினால்தான் கீழே வருவேன் என்றான் கவின். சங்கர் தன் கையாலேயே கழற்றினான். ஆரத்தி கிடையாது என்று ஒப்பந்தமாகி, மூன்று பையன்களுக்கும் சந்தனம் பூசி, ஜிலேபி பரிமாறப்பட்டது. "அருமையான நிகழ்ச்சி சார்" என்று ரஃபீக் பாய் இரண்டாவது ஜிலேபியை எடுத்துக்கொண்டார். என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று கடைசிவரை கேட்கவில்லை.

கவின் இப்போது கல்லூரியில் படிக்கிறான். ஃபோனில் அவன் பேசினால் நான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கும் என்னிடம் எது கேட்டாலும், "இப்பவே, நின்ன இடத்துலயே பதில் சொல்லணும்" என்றுதான் ஆரம்பிப்பான்.

போன வாரம் காலிங் பெல் அடித்தது. இம்ரானின் தம்பி ஃபைசல், பதினோரு வயது.

"அங்கிள், கவின் அண்ணன் இருக்காரா?"

"வெளிய போயிருக்கான்டா. என்ன விஷயம், ஏதாவது சந்தேகமா? என்கிட்ட கேளேன்."

பையன் அவசரமாகப் பின்வாங்கினான்.

"வேணாம் அங்கிள், சின்னச் சந்தேகம்தான். எங்க வீட்டுல ஃபங்ஷன் வைக்கிற ஐடியாலாம் இல்ல."