ஆண்மைக்கு ஒரு பாராட்டுக் கூட்டம்

தூத்துக்குடித் துறைமுகத்தின் பெருமைகளில் முத்து, உப்பு, கப்பல் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக எண்ணத்தக்கது, கண்டெய்னர் யார்டு சூப்பர்வைசர் சுடலைக்கண்ணனின் ஆண்மை. இருபத்திரண்டு ஆண்டுகளாக, நாளொன்றுக்கு ஒன்றரை பாக்கெட் வீதம், சிகரெட் ஊதி வளர்த்த ஆண்மை அது.

கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. ஆகவே, 'முறைப்படி', மனைவி செல்வராணிக்குப் பதினோரு ஸ்கேன் எடுத்தார்கள். எதிலும் குறை இல்லை. குறை அகப்படாததே பெரிய குறை என்று தீர்ப்பளித்த அக்காள் சண்முகவடிவு, தம்பிக்கு இரண்டாம் தாரமாக உடன்குடியில் ஒரு பெண்ணையும் பார்த்துவிட்டாள். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் ரிப்போர்ட் மட்டும் கேட்டார்கள். சுடலைக்கண்ணன் பெரிய மனது பண்ணி, ரத்தமும் இன்னபிறவும் கொடுத்தான்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில், டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் மேல்வரம்பைத் தொட்டு நின்றது. டீக்கடையில் 'அவசரப் பொதுக்குழு' கூடியது.

"எல்லாம் புகை குடுத்த பலம், அண்ணாச்சி," என்றான் கிரேன் ஓட்டும் செல்வின். "நாளையிலேர்ந்து நானும் ரெண்டு பாக்கெட்டு."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள், ரிப்போர்ட்டைக் காட்ட மனைவியோடு போய், டாக்டர் ஷெர்லியின் முன்னால் அவன் கால்மேல் கால் போட்டு அமர்ந்தான்.

"உங்க யார்டுல எத்தன கண்டெய்னர் கிடக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"நாலாயிரம், டாக்டரம்மா."

"அம்புட்டும் வெளிய போவுமா?"

"அதெப்படி? கஸ்டம்ஸ் சீல் வச்சது அசையாதுல்லா. கிளியரன்ஸ் ஆனதுதான் போவும்."

"ஹார்மோனும் அப்படித்தான். ரத்தத்துல ஒரு புரதம் அதப் புடிச்சு சீல் வச்சிரும். சிகரெட் குடிக்கவங்களுக்கு அந்தப் புரதம் கூடலாம். மொத்தக் கணக்கு பெருசாத் தெரியும். உடம்புக்குப் பயன்படுறது கூடியிருக்காது. ரெண்டாம் பக்கம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. முதல் பக்கத்தைத்தான் லேமினேட் செய்திருந்தான்.

இரண்டாம் பக்கத்தில் விந்தணுக்கள் எண்ணிக்கையில் குறைவு. இருந்தவற்றிலும் பெரும்பாலானவை நகரவில்லை.

"ஸ்ட்ரைக்கா?" என்றான் சுடலைக்கண்ணன், தொழில் அனுபவத்தோடு.

"புகை. நிறுத்துனா தேற வாய்ப்பிருக்கு. மூணு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுப்போம்."

அப்போது போன் அடித்தது. அக்காள்.

"ஏலே, நம்பர் பெருசா வந்துருக்காமே? செல்வின் சொன்னான். உடன்குடிக்காரவ நாள் குறிக்கலாமான்னு கேக்காவ."

நாலாயிரம் கண்டெய்னர்களை ஒரே அதட்டலில் நகர்த்தும் சுடலைக்கண்ணன், போனைச் செல்வராணியிடம் நீட்டினான்.

அவள் இரண்டாம் பக்கத்தை நிதானமாக ஒருமுறை படித்துவிட்டுச் சொன்னாள்:

"மதினி, குறை யாருக்குன்னு தெரிஞ்சுட்டு. நீங்க போட்ட சட்டப்படி, இனி எனக்குத்தான் ஒரு மாப்பிள்ளை பாக்கணும். சிகரெட்டு குடிக்காதவரா பாருங்க."