நேபாளத்து டவரும் பலமனேர் சம்பந்தமும்

அடுத்தவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் நமக்குத் தெரிந்துவிட்டால், அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பது ரொம்பக் கஷ்டம். சிலருக்கு ஜாதகம் தெரியும். சிலருக்கு நாட்டு வைத்தியம் தெரியும். எனக்கு ரோமிங் தெரியும். ஐந்தாம் வகுப்போடு ஸ்லேட்டைக் கவிழ்த்து வைத்தவளுக்கு ரோமிங் எங்கிருந்து தெரிந்தது என்று கேட்டால், எங்கள் வீடு இருக்கிற இடம் அப்படி.

நகரி பக்கம், ஆந்திரா முடிகிற இடத்தில் வீடு. வாசலில் நின்றால் போனுக்கு ஆந்திரா டவர். பின்பக்கம் மாட்டுக் கொட்டாய்க்குப் போனால் தமிழ்நாட்டு டவர். அடுத்த மாநிலத்து டவரில் இருந்தால், வருகிற போனை எடுத்தாலே காசு பிடித்த காலம் ஒன்று இருந்தது. (கூப்பிட்டவன் அவன். தண்டம் நமக்கு.) அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். பால் கறக்கும்போது போன் வந்தால் உடனே கட் பண்ணிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வாசலுக்கு ஓடிவந்து நாமே கூப்பிட வேண்டும். கட் பண்ணினால் 'இரு, வர்றேன்' என்று அர்த்தம். எல்லையோரத்து ஊர்களில் இது எல்லாருக்கும் தெரியும். கட் பண்ணியதற்காக எங்கள் பக்கத்தில் யாரும் கோபித்துக்கொண்டதே இல்லை.

நாட்டுக்குள் அந்தக் காசை எடுத்துவிட்டார்கள், வருஷமும் எத்தனையோ ஆகிவிட்டது. எனக்கும் தெரியும். என் கட்டை விரலுக்குத்தான் தெரியாது.

அப்புறம் என் மகன் குமரேசன் ஒரு புது போன் வாங்கிக் கொடுத்தான். அதன் தலைமாட்டில் சின்னதாக ஒரு அடையாளம் இருக்கும். மேலே ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, கீழே மூன்று. அது என்ன என்று புத்தூர் போன் கடைக்காரரைக் கேட்டேன். "அது வோல்ட்டிம்மா. ஃபோர்ஜியிலயே பேச்சு போவுதுன்னு அர்த்தம். நம்ம கம்பெனி டவர்லதான் அது நிக்கும். வெளியாள் டவருக்குப் போனா விழுந்துடும்" என்றார். அவர் சொன்ன காலத்தில் அது உண்மைதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குப் பட்டது என்னவென்றால், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியாதவளுக்காகவே எவனோ புண்ணியவான் கண்டுபிடித்து வைத்திருக்கிறான் என்பதுதான். அடையாளம் இருந்தால் நம்ம டவர், பேசு. இல்லாவிட்டால் அடுத்தவன் டவர், கட் பண்ணு. தெருவில் ஒரு பொம்பளை பாக்கி இல்லாமல் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது சம்பந்த விஷயத்துக்கு வருகிறேன். குமரேசனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை. பதினோரு இடம் பார்த்து, பதினொன்றும் தட்டிப்போயிருந்தது. பையன் மேல் குறை இல்லை, பையனோட அம்மா வாய்தான் என்று தரகர் சொல்லிக்கொண்டு திரிந்ததாகக் கேள்வி. (அந்த மனுஷனுக்கு எங்கள் வீட்டு மோரை எத்தனை சொம்பு ஊற்றியிருப்பேன்.) பன்னிரண்டாவதாக வந்தது பலமனேர் இடம். பெண்ணின் அப்பா தக்காளி மண்டி வைத்திருப்பவர். பெண் பெயர் ஹேமலதா. திருப்பதியில் ஒரு போன் கம்பெனி ஆபீசில் பில் வேலை என்றார்கள். பில் என்றால் ரசீது கிழித்துக் கொடுக்கிற வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே ஒன்றும் கேட்கவில்லை.

எந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாலும் நேராகச் சோற்றுத் தட்டுக்குப் போகிற குமரேசன், அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். "இதுவும் இல்லன்னா இன்மே பாக்க வேணாம்மா" என்றான். அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பலமனேர்க்காரர் ரெண்டு வாரம் தவணை கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் இல்லாததால் பையனுடைய அம்மா காதில்தான் பதில் சொல்ல வேண்டும், அதுதான் முறை, தவணை முடிகிற வெள்ளிக்கிழமை காலையில் ராகு காலத்துக்கு முன்னே அவரே என்னைப் போனில் கூப்பிடுவதாகச் சொன்னார். நானோ காசிக்கும் நேபாளத்துக்கும் போகிற யாத்திரை பஸ்ஸுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. சாமி காரியத்தை நிறுத்தினால் சம்பந்தம் மட்டும் கூடிவருமா என்று கிளம்பிவிட்டேன்.

குமரேசன் படித்துப் படித்துச் சொன்னான். நேபாளம் வேறு தேசம், அங்கே பேசுவதற்கென்று தனியாக ரோமிங் பேக் இருக்கிறது, போட்டுவிடுகிறேன் என்றான். திருத்தணியும் வேறு மாநிலம்தான், நான் எத்தனை வருஷம் சமாளித்தேன், பேக்கும் வேண்டாம் கீக்கும் வேண்டாம், லைனை மட்டும் திறந்து விடு, எந்த டவரில் பேசுவது என்று எனக்குத் தெரியும் என்றேன். திறந்து விட்டான். போஸ்ட்பெய்டு. பில் அவன் பேருக்கு.

பஸ்ஸில் நாற்பது பேர். பக்கத்து சீட்டில் எங்கள் தெரு கோவிந்தம்மா. நேபாளத்துக்குள் நுழைந்ததும் அத்தனை பேருக்கும் ரோமிங் பாடம் எடுத்தேன். யாருக்காவது போன் அடித்தால், "பெரியம்மா, அடையாளம் இல்ல, இன்னா பண்றது?" என்று என்னிடம் ஓடிவருவார்கள். நான் கையை வெட்டிக் காட்டுவேன். கட் பண்ணுவார்கள். மலை மேல் சாமி பார்த்ததைவிட அதில் எனக்குப் பெருமை என்று சொன்னால் பாவம் வரும். ஆனாலும் அதுதான் நிஜம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பஸ் திரும்பி வந்து சோனௌலி எல்லையில் நின்றது. இன்னும் நேபாளப் பக்கம்தான். முன்னால் ஒரே லாரி வரிசை. போனில் மணி பத்தைத் தாண்டியதும் அடித்தது. பலமனேர். தலைமாட்டைப் பார்த்தேன். அடையாளம் இல்லை. கட் பண்ணினேன். அஞ்சு நிமிஷத்தில் மறுபடி பலமனேர். கட். மூன்றாம் தடவையும் வந்தது. அதையும் கட் பண்ணிவிட்டு, "தோ, நம்ம டவருக்குப் போயி பேசிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். யாத்திரையை நடத்துகிற காளஹஸ்திக்காரர், "அம்மா, எக்கட போதாரு" என்று தெலுங்கில் கத்திக்கொண்டே பாதி தூரம் பின்னால் வந்தார். நான் நிற்கவில்லை. லாரிகளுக்கு நடுவே புகுந்து, எல்லை வளைவைத் தாண்டி, இந்தியாவுக்குள் கால் வைத்து, ஒரு டீக்கடை ஓரத்தில் நின்று போனைத் தூக்கிப் பார்த்தேன். அடையாளம் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு கும்பிடு போட்டேன்.

போனில் மணி பத்து இருபத்தாறு. ராகு காலத்துக்கு நாலே நிமிஷம். டீக்கடைக் கடிகாரத்தில் பத்து பதினொன்று. 'உன் கடிகாரம் கால் மணி லேட்டு' என்று கடைக்காரரிடம் தமிழில் சொன்னேன். அவர் இந்தியில் என்னமோ சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்று பலமனேருக்குப் போட்டேன்.

எடுத்த எடுப்பில் அவர், "இன்னாம்மா, மூணு தபா கட் பண்ட்டீங்க. இஷ்டம் இல்லன்னா வாயால ஒரு வார்த்த சொல்றது. நாங்க இன்னா கடன் கேக்கவா கூப்ட்டோம்?" என்றார்.

பலமனேர் மலை மேல் நடு ஊரில் குடியிருக்கிற மனுஷனுக்கு எல்லையோரத்து நியாயம் எப்படித் தெரியும்? அதனால் மாட்டுக் கொட்டாயில் ஆரம்பித்தேன். வாசல் டவர், கொட்டாய் டவர், முந்தானை, கட் பண்ணினால் என்ன அர்த்தம், எல்லாம் சொன்னேன். பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் அர்த்தம் காலேதும்மா, புரியல, பாப்பாகிட்ட சொல்லுங்க" என்று போனைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

"ஆன்ட்டி, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?" என்றாள் ஹேமலதா.

இந்தியாவில்தான், நம்ம டவரில்தான் இருக்கிறேன், பயப்படாமல் பேசு என்றேன். சின்னப் பெண், போன் கம்பெனியில் ரசீது கிழிக்கிறது, இதெல்லாம் தெரிந்திருந்தால் வேலைக்கு உதவுமே என்று, டவர் எப்படி மாறும், ரோமிங் பில் எப்படிப் போடுவார்கள், ஜனங்களை எங்கே ஏமாற்றுவார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். நடுநடுவே "ஆன்ட்டி, ஒரு நிமிஷம்" என்றாள். மரியாதை தெரிந்த பெண் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு மேலே சொன்னேன். இதற்குள் பஸ் எல்லையைத் தாண்டி வந்து எனக்கு எதிரிலேயே நின்று ஹாரன் அடித்தது. நாற்பது முகமும் ஜன்னலில். நான் கையைக் காட்டி அடக்கினேன்.

கடைசியில் ஹேமலதா கேட்டாள். "ஆன்ட்டி, உங்க போன்ல மணி எவ்ளோ காட்டுது?"

"பதினொண்ணு அஞ்சு."

"இங்க பத்து அம்பதுதான்."

"உங்க வூட்டு கடிகாரமும் லேட்டா? பேட்டரி மாத்தச் சொல்லும்மா."

"கடிகாரம் இல்ல ஆன்ட்டி. நேபாளத்துல டைம் நமக்கு கால் மணி முன்ன. உங்க போன் இன்னும் அந்த டவரத்தான் புடிச்சிக்கினு இருக்குது. நாப்பது நிமிஷமா ரோமிங்ல பேசிக்கினு இருக்கீங்க."

"அதெப்டி? என் கால் ரெண்டும் இந்தியாவுல இருக்குதே."

"கால பாத்து பில் போட மாட்டாங்க. வோல்ட்டி இப்ப செல வெளிநாட்டு டவர்லயும் வருது. அத்த, மொதல்ல போன வைங்க."

எவளாக இருந்தாலும் வைத்திருப்பாள். நான், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரோமிங் பில்லில் தகராறு என்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதுதான் அவளுடைய வேலையாம். மூன்று வருஷமாக அதே செக்‌ஷனாம். அதற்கும் ஒரு சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். லைன் செத்துவிட்டது. நான் வைக்கவில்லை. கம்பெனியே வைத்துவிட்டது. இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்தது. காளஹஸ்திக்காரர் படித்துவிட்டு, லிமிட் தாண்டிவிட்டதாம், போகிற போனும் வருகிற போனும் நிறுத்திவிட்டார்களாம் என்றார். என்னால் நாற்பது பேருக்கு உப்புமா ஆறிப்போனதையும் சேர்த்துச் சொன்னார்.

அங்கிருந்து காசி வழியாகத் திருப்பதிக்கு அஞ்சு நாள். போனை அணைத்து மூட்டைக்குள் போட்டேன், பிணமாகக் கிடந்தது. கோவிந்தம்மா போனில் மகனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பன்னிரண்டாவதையும் என் வாயாலேயே கெடுத்தேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? என்னிடம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. ஆன்ட்டி, ஆன்ட்டி என்றிருந்தவள் கடைசியில் 'அத்த' என்றாளே, அது மனசிலிருந்து வந்ததா, எரிச்சலில் வந்ததா என்று அஞ்சு நாளும் கோவிந்தம்மாவைக் கேட்டுக் கொன்றேன். எரிச்சல் வந்ததால்தான் அத்தை என்றிருக்கிறாள், சொந்தக்காரர்கள் மேல்தானே எரிச்சல் வரும் என்றாள் கோவிந்தம்மா. அது அரைகுறை ஆறுதல்.

திருப்பதியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், கங்கைச் சொம்பும் மூட்டையுமாக நேரே என் போன் கம்பெனி ஆபீசுக்கு, ஹேமலதா இருக்கிற அந்த ஆபீசுக்கே போனேன். பில்லைக் குறைக்கச் சொல்லிக் கேட்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டோக்கன் கொடுத்தார்கள். கூப்பிட்ட மேஜைக்குப் போனால் ஹேமலதா. பெண் பார்க்கப் போனபோது பட்டுப்புடவையில் பார்த்தவளை இப்போது கழுத்தில் அட்டையோடு பார்க்கிறேன். எழுந்து நின்று, தண்ணீர் கொடுத்தாள். சம்பந்தத்தைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. பில்லைப் பற்றிக் கேட்டேன்.

"நீங்க பால் சென்டருக்கு ஊத்தறீங்க இல்ல?" என்று ஆரம்பித்தாள். நேபாளக் கம்பெனி குழாய் மாதிரியாம். எத்தனை லிட்டர் போனது என்று மட்டும் அளந்து நம் கம்பெனியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அது பாலா மோரா என்று அதற்குக் கவலை இல்லை. என் பேச்சு அந்தக் குழாயில் புகுந்து, நம் நாட்டில் இருக்கிற நம் கம்பெனி மிஷினுக்கு வந்து, அங்கிருந்து பலமனேருக்குப் போனதாம். யாரோடு, எத்தனை நிமிஷம் என்று எழுதிப் பில் போடுவது இந்த மிஷின்தான்.

அங்கேதான் நான் பிடித்தேன். பேச்சு நம் நாட்டு மிஷினுக்கு வந்துதானே போனது, அப்போது அது உள்ளூர் பேச்சுதானே, அந்தக் காசை மட்டும் போடு என்றேன். பக்கத்து மேஜைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஹேமலதா சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வந்தது நம்ம மிஷினுக்குத்தான். ஆனா கெளம்பின எடம் அந்த டவரு. ரேட்டு அதுக்குத்தான். வுடுங்க அத்த, பில்ல அவர் அன்னைக்கே கட்டிட்டாரு."

எவர் என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். என் லைன் செத்த மத்தியானமே அதைத் திறக்கச் சொல்லிக் குமரேசன் ஆபீசுக்குப் போன் பண்ணினானாம். மறுநாள் அவள் வேலைக்குத் திரும்பியதும் கேஸ் அவளிடம் வந்ததாம். நாற்பத்து மூன்று நிமிஷத்தில் நான் என்னென்ன சொன்னேன் என்று அவனுக்கு விளக்கவே ரெண்டு நாள் பிடித்ததாம். "அப்பால தெனம் பேசிக்கினுதான் இருக்கோம்" என்றாள். எல்லையோரத்து ஜனங்கள் கட் பண்ணினால் கோபம் இல்லை, அந்தப் பக்கத்து கேஸ் எல்லாமே இப்படித்தான் வரும் என்று அப்பாவுக்கும் அவளே எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தாள். அம்மா ஊர் வந்து சேரட்டும் என்று தேதி மட்டும் குறிக்காமல் வைத்திருந்தார்கள்.

நான் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். டோக்கன் நம்பர் அடுத்ததற்கு மாறியது. எழுந்திருக்கவில்லை.

கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆகிறது. எங்கள் பக்கத்தில் பொம்பளைகள் ஒன்றுகூடினால் அவரவருக்குப் போட்ட பரிசப் பேச்சு வராமல் போகாது. அப்போது ஹேமலதா சொல்வாள், "எல்லா வூட்லயும் பரிசத்தப் பொண்ணு வூட்டுக்குக் கொண்டாந்து குடுப்பாங்க. எங்கத்த மட்டும் நேரா போன் கம்பெனிக்குக் கட்டிட்டாங்க." தெருவே சிரிக்கும். பலமனேர்க்காரர் வந்திருந்தால் அவர் சிரிப்புத்தான் பெரிசாகக் கேட்கும்.

சிரிக்கட்டும். சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து நானும் ஒன்று கேட்பேன். அந்தப் பில்லில் இருந்த தொகைக்கு இந்த மண்டலத்தில் எவளுக்காவது பரிசம் போட்டிருக்கிறார்களா என்று.