பாவில் சிக்கிய கோழிக்காரி

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. பால் பொங்குவதற்குள் செடிக்குத் தண்ணீர் விட ஓடுவேன். பால் அடுப்பெல்லாம் வழியும். இப்படிப்பட்டவள் கோழியை அடை வைத்தால் உருப்படுமா?

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பைத்தியம் உண்டு. என்னுடையது கோழி. எதிர்வீட்டு சகுந்தலா அக்காவுடையது தோட்டம். என் கோழி எரு அவள் கத்தரிக்குப் போகும், அவளுடைய முற்றின கீரை என் கோழிக்கு வரும். நடுவில் என் கோழி அவள் பாத்தியைக் கிளறினால் இரண்டு நாள் பேசமாட்டாள். (மூன்றாம் நாள் எருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்.)

தெருவுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. யாராவது பாவு நீட்டும் காலையில், அதாவது பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி தடவிக் காயவைக்கும் காலையில், எல்லாக் கோழியும் கூடைக்குள் இருக்கவேண்டும். கஞ்சியைக் கண்டால் கோழி விடுமா? கொத்தினால் இழை போச்சு.

அந்த வெள்ளிக்கிழமை சகுந்தலா அக்கா வீட்டுப் பாவு. மகள் காவ்யாவின் முகூர்த்தப் புடவைக்கு. அக்காவின் வீட்டுக்காரர் மாணிக்கம் அண்ணன், வேறு வேலையைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் கையால் நெய்யப் போகிறார்.

"கோழிய மூடி வெச்சிடுமா, என் பொண்ணு பொடவ" என்று முந்தின நாளே அக்கா சொல்லிவிட்டாள்.

"நான் இன்னா சின்னக் கொழந்தயாக்கா?" என்றேன்.

காலையில் தலைக்குக் குளித்து, ஈர முடியை நண்டு க்ளிப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அடுப்பில் பாலை வைத்தேன். வாசலோரம் கூடைக்குள் என் புள்ளிக்கோழி பத்தொன்பதாம் நாளாக அடையில் இருந்தது. குஞ்சு பொரிய இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று தெரியும். தெரிந்து என்ன பயன், கை அரித்தது. ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று கூடையைத் தூக்கினேன். (அன்று காலையில் அது நான்காவது ஒரே ஒரு தடவை.)

கோழிக்கும் பொறுமைக்கு அளவு உண்டல்லவா? எழுந்து, நேரே கஞ்சிக்கு ஓடியது. நான் பின்னால் ஓடினேன். அது பாவுக்கு அடியில் நுழைந்தது, நானும் குனிந்து நுழைந்தேன். அந்தப் பக்கம் போய் நிமிர்ந்திருக்கவேண்டும். நான்தான் அவசரக்குடுக்கை ஆயிற்றே, நடுவிலேயே நிமிர்ந்தேன். க்ளிப்பின் பல்லெல்லாம் அரக்குப் பட்டில் மாட்டிக்கொண்டது.

"அசையாதமா" என்றார் மாணிக்கம் அண்ணன், மெதுவாக. "அசைஞ்சா அம்பது இழை போவும்."

"எவ்ளோ நேரம்ணே?"

"தெரியல. நில்லு."

பாதிக் கும்பிடு போட்டவள் போல் குனிந்தபடி நின்றேன். அவர் ஒவ்வொரு இழையாக விடுவித்தார். சகுந்தலா அக்கா திட்டவில்லை, இழையையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண் நிறைந்திருந்தது. திட்டியிருந்தால் தேவலை. காவ்யாவின் புடவையைக் கெடுத்த பாவி ஆகிவிடுவேனோ என்று பயந்தேன். மூக்கு அரித்தது, கால் மரத்தது, ஆனால் நான் அசையவில்லை. நான் அப்படி அசையாமல் நின்று பெற்ற தாய்கூடப் பார்த்ததில்லை.

கோழி நாலு வாய் கஞ்சி தின்றுவிட்டுத் தானே திரும்பிப் போய் அடையில் உட்கார்ந்துகொண்டது.

என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். "பால் பொங்கி வழிஞ்சிக்கினு இருக்குது" என்றார்.

"ஆஃப் பண்ணுங்களேன்."

"இரு, நீ ஒரு எடத்துல நிக்கறத இன்னும் கொஞ்சம் பாத்துட்டுப் போறன்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அறுந்தது ஏழு இழைதான். அண்ணன் உட்கார்ந்து அவற்றை முடிச்சுப் போட்டுவிட்டார். புடவையும் நன்றாகவே வந்தது. கல்யாணத்துக்கு நான்தான் முதல் ஆளாகப் போய் அதைத் தொட்டுப் பார்த்து அழுதேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் பாவு நீட்டினாலும், "கோழிய மூடுங்கபா, அப்படியே அந்தம்மாவையும் மூடுங்க" என்று குரல் வரும்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு நரைகூட இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் காவ்யாவின் குழந்தைக்குப் பெயர் வைத்தபோது அவள் அதே அரக்குப் புடவையில் வந்திருந்தாள். மாமியார் வீட்டு அம்மாள் ஒருத்தி முந்தானையைத் தடவிப் பார்த்து, "இங்க மட்டும் ஒத்த வெள்ளி ஜரிக ஓடுதே" என்றாள்.

"ஜரிக இல்லீங்க" என்றாள் காவ்யா, என்னைக் கைகாட்டி. "எங்க அத்த முடி. கஞ்சில ஒட்டிக்கினு தறிக்குப் போயிடுச்சு. எடுத்துடவான்னு அப்பா கேட்டாரு, நான்தான் இருக்கட்டும்னு சொல்லிட்டன்."