முருங்கையடிச் சைலன்சர்

தீவுக் கிராமமான கரம்பொன்னில் கடல் சத்தம் போடாது. முழங்கால் தண்ணீரில் கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். அதன் நித்திரையைக் குழப்ப அலைக்கும் மனம் வராது. கடலின் இந்தக் குறையைத் தானே தீர்த்துவைப்பதென்று ஒரு பொழுதுபடுகிற நேரத்தில், சாய்மனைக் கதிரையில் மல்லாந்து கிடந்தபடி தியாகலிங்கம் தீர்மானித்தார்.

"மீனா, எங்கடை காருக்குச் சைலன்சர் மாத்தப்போறன்."

குசினிக்குள் இருந்து மீனலோசனியின் குரல் வந்தது. "ஏனப்பா, இருக்கிறது உடைஞ்சு போச்சோ?"

"இல்லை. சத்தம் காணாது."

"சத்தம் போடாமல் இருக்கத்தானே சைலன்சர்?"

"உமக்கு உதெல்லாம் விளங்காது."

'விளங்காது' என்பது அந்த வீட்டின் இறுதித் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

'எங்கடை கார்' என்று அவர் சொன்னதையும் கொஞ்சம் விசாரிக்கத்தான் வேண்டும். கறுப்பு நிற ஜேர்மன் கார். சுவிஸில் இருக்கும் மீனலோசனியின் தம்பி சுதன், "அக்கா ஓடட்டும்" என்று வாங்கி, கார்ச் சாவியை அக்காவின் கையில்தான் வைத்துவிட்டுப் போனான். அக்காவிடம் லைசென்ஸ் இருக்கிறது. முதல்தரமே எடுத்தவள். அத்தான் எத்தனையாந்தரம் எடுத்தார் என்பது குடும்ப இரகசியம். ஆனால் அந்தத் திறப்பு தொங்குவதோ தியாகலிங்கத்தின் அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதும் அங்கேதான். "இது பொம்பிளையள் ஓடுற காரில்லை" என்பார். அப்படி எங்கே எழுதியிருக்கிறதென்று மீனலோசனி காரைச் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறாள். கிடைக்கவில்லை. அவளுக்கென்று வந்த கார் கொட்டிலில் நிற்க, அவள் யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள்.

அன்றிலிருந்து பின்னேரங்கள் எல்லாம் கனவாகிப் போயின. கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தியாகலிங்கம் விதம்விதமான சைலன்சர்களின் குரல்களைக் கேட்டார். வானம் செம்மண் நிறமாகும். பனைகளின் தலைகள் கறுக்கும். டைட்டானியம் குழாய் ஒன்று எங்கோ தூர தேசத்தில் வீரிடும். அவருக்குக் கண் சொருகும். அரைத் தூக்கத்தில் கார் கடல்மேல் ஓடும். பூநாரைகள் வரிசையாக எழுந்து வழிவிடும். காரைநகர்க் கரையில் சனம் திரண்டு நின்று, "ஆர் அது? தியாகலிங்கமெல்லோ!" என்று வியக்கும்.

"தேத்தண்ணி ஆறுது," என்பாள் மீனலோசனி. பூநாரைகள் கலைந்துவிடும்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று வால்வு வைத்தது. டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். அமத்தினால் முழக்கம், விட்டால் பூனை நடை. மற்றது வால்வுமில்லை, பெட்டியுமில்லை, எஞ்சினிலிருந்து நேர்க்குழாய். வாயை மூடவே தெரியாத சாதி.

தியாகலிங்கத்தின் மனம் வால்வு பக்கம் சாய்ந்தது. அதற்கொரு காரணம் இருந்தது. வாரத்தில் பாதி நாள் பின்னேரம் அவர் "கோயில் கூட்டம்" என்று வெளிக்கிடுவார். கூட்டம் நடப்பது சரவணை ஊரில், சதீசனின் கடைக்குப் பின்னால். நிகழ்ச்சி நிரல், முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம். துருப்புச் சொல்லி, கம்மாறிசு அடித்து, பொழுதுபட்ட பிறகு விபூதி பூசிக்கொண்டு திரும்புவார். பூனை நடைக்கு இதைவிட என்ன தேவை?

"எனக்கும் காட்டுங்கோ," என்று மீனலோசனி பக்கத்தில் வந்து இருந்தாள். இரண்டையும் கேட்டாள். முகம் மலர்ந்தது. "இந்த வால்வுதான் நல்லம். அடக்கம். இதையே போடுங்கோ."

தியாகலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

கலியாணம் முடித்த நாள் தொட்டு அவருக்கு ஒரு கொள்கை. மனைவி நல்லதென்றதை எடுப்பதில்லை, வேண்டாமென்றதை விடுவதில்லை. ஆம்பிளை என்றால் சுயமாக யோசிக்கவேண்டும். அப்படிச் சுயமாக யோசித்து அவர் வீட்டுக்கு அடித்த நீலம் மீனலோசனிக்கு ஆகப் பிடித்த நிறமாக அமைந்தது தற்செயல்.

"மற்றது?" என்றார், கண்ணை இடுக்கி.

"ஐயோ, அந்தக் கோதாரி மட்டும் வேண்டாம்! ஊர் என்ன சொல்லும்? நான் நாரந்தனைக்கு அம்மா வீட்டை போயிடுவன்."

"நேர்க்குழாய்தான்," என்றார் தியாகலிங்கம். "முடிஞ்சுது கதை."

மீனலோசனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு குசினிக்குள் போனாள். நாரந்தனைக்குப் போகவில்லை.

ஊர்காவற்றுறை கராஜில் குழாய் மாற்றிய நாள் ஒரேயொரு வேண்டுகோள் வைத்தாள். "கழட்டினதை எறியாதேங்கோ. கொண்டு வாங்கோ."

"என்னத்துக்கு?"

"முருங்கைக்குக் கீழை கிடக்கட்டும். கோழி ஏறி இருக்கும்."

பொம்பிளைப் புத்தி என்று சிரித்துக்கொண்டு கொண்டுவந்து போட்டார். அவள் அதைப் பழைய சீலையால் சுற்றிவைத்தாள். கோழிக்குக் குளிருமாக்கும் என்று அதற்கும் சிரித்தார்.

முதல் ஓட்டம், கனவு கண்டபடியே இருந்தது. வயல்வெளி அதிர்ந்தது. நாய்கள் குரைக்க வாயெடுத்து, எதைக் குரைப்பதென்று தெரியாமல் மூடின. உண்மையான பூநாரைகள் உண்மையாகவே எழுந்தன. மாலை வெயிலில் அவற்றின் செட்டைகள் ரோசாப்பூவாய் விரிய, தியாகலிங்கத்தின் கண் கலங்கியது.

அடுத்த நாள் "கோயில் கூட்டம்" முடிந்து வீட்டுக்கு வந்தார்.

"கூட்டம் எப்பிடி?" என்றாள் மீனலோசனி.

"நல்லம். திருவிழாவைப் பற்றிக் கதைச்சனாங்கள்."

"கோயிலை எப்ப சதீசன்ரை கடைக்குப் பின்னாலை மாத்தினவை?"

நெற்றி விபூதி வியர்வையில் கரைந்தது. "ஆ... ஆர் சொன்னது?"

"உங்கடை கார்தான். நாரந்தனை வளைவிலை முக்கிச்சுது. மதகடியிலை கனைச்சுது. சரவணைச் சந்தியிலை திரும்பி, கடைக்குப் பின்னாலை போய் 'டப்' எண்டு செத்துது. வேலியடியிலை நிண்டு நானும் பக்கத்து வீட்டு மரியநாயகியும் கேட்டுக்கொண்டுதான் நிண்டனாங்கள்."

தீவில் இது புதினமில்லை. மீன்காரனின் ஹோர்ன், பாண்காரனின் பாட்டு, எது எந்த ஒழுங்கையில் வருகிறதென்று குசினிக்குள் இருந்தே கணக்குப் பண்ணி, சட்டியோடு வாசற்படலையில் நிற்கிறவர்கள் அந்தப் பெண்கள். வெட்டைவெளி, காற்று, சத்தம் போடாத கடல். இதற்குள் ஒரு மனிதன் தானே விரும்பி முழக்கத்தைப் பூட்டிக்கொண்டு களவாகத் திரிய நினைத்தால், அவனை என்னவென்று சொல்வது?

பிறகு அவர் எங்கே போனாலும் அங்கே போகுமுன் செய்தி வீட்டுக்குப் போனது. திரும்பி வரும்போது புட்டு ஆவி பறக்கத் தட்டில் இருந்தது. சூடான புட்டு ஒரு மனிதனை இவ்வளவு அவமானப்படுத்தும் என்று அவர் நினைத்ததேயில்லை.

கடைசி அடியைச் சீட்டுக்கூட்டாளி இன்னாசித்தம்பி போட்டார்.

"தியாகண்ணை, குறை நினையாதையும். இனிக் காரோடை வரவேண்டாம்."

"ஏன் காணும்?"

"உம்மடை சத்தம் கேட்டால் எங்கடை மனிசிமாருக்கும் தெரியுது, ஆட்டம் துவங்கிட்டுதெண்டு. நேற்று என்ரை மனிசி அகப்பைக்காம்போடை வந்து நிண்டவ. சைக்கிளிலை வாரும், அல்லாட்டி வராதையும்."

அன்று தியாகலிங்கம் நெடுநேரம் கதிரையில் கிடந்து யோசித்தார். காரில் போனால் சீட்டு இல்லை. சீட்டுக்குப் போனால் கார் தேவையில்லை. அப்போதுதான் அந்த அற்புதமான எண்ணம் உதித்தது. இந்த இடிமுழக்கத்தை மீனலோசனி ஓடுவாளா? படலை தாண்டமாட்டாள். ஊர் எட்டிப்பார்க்க வெட்கப்பட்டுத் திறப்பைத் திருப்பித் தருவாள். தாராளம் காட்டின பேரும் நிற்கும், வாயும் அடங்கும்.

அரைஞாண் கயிற்றிலிருந்து திறப்பை அவிழ்த்தார். "இந்தாரும். நீரே ஓடும். பிறகு நான் தரேல்லை எண்டு தம்பியாருக்குச் சொல்லக் கூடாது."

"உண்மையாவோ? வேண்டாமப்பா, எனக்கு ஏலாது..."

வேண்டாமென்றதை விடுவதா? "பிடியும்!" என்று கையில் திணித்தார்.

அடுத்த நாள் காலை கார் உறுமிக்கொண்டு படலையைத் தாண்டியது. தாண்டிவிட்டாள்! தியாகலிங்கம் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடி, காதைத் திறந்துவைத்தார். சத்தம் ஊர்காவற்றுறைப் பக்கம் போனது. தேய்ந்தது. நின்றது.

பயந்து நிற்பாட்டிவிட்டாள். சரி. திரும்பி வரும்போது கேட்கும். கேட்டதும் சிரிக்க வேண்டும். எப்படிச் சிரிப்பதென்று யோசித்தார். காற்று பனையோலையைத் தடவியது. வெளிச்சம் கண்ணிமைக்கு மேல் மஞ்சளாக மிதந்தது. கடல் வழக்கம்போல வாய் திறக்கவில்லை. எங்கோ ஒரு மீன்கார ஹோர்ன். பிறகு அதுவுமில்லை. இவ்வளவு அமைதியான ஒரு காலையை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை. பூநாரைகள்கூட இம்முறை நடந்தே போயின.

பசி எழுப்பியது. குசினி பூட்டிக் கிடந்தது. கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. முருங்கையடிக்குப் போனார். பழைய சீலை அங்கேயே இருந்தது. ஆனால் அதற்குள் மினுங்கியது அவருடைய நேர்க்குழாய். அதன்மேல் கோழி.

வேலிக்கு மேலால் மரியநாயகியின் தலை தெரிந்தது. "என்னண்ணை தேடுறியள்?"

"மீனா... உதைக் கழட்டிக்கொண்டு எப்ப வந்தவ?"

"அவ கராஜிலை பழசைப் பூட்டிக்கொண்டு அப்பவே வந்திட்டா. உதை இறக்கி வைச்சு, சீலை மாத்தி, என்னோடையும் கதைச்சுப்போட்டு, திரும்பவும் காரிலை போயிட்டா. நீங்கள் கதிரையிலை காது குடுத்துக்கொண்டெல்லோ கிடந்தனீங்கள். கேக்கேல்லையோ?"

"இல்லை," என்றார் தியாகலிங்கம். "எங்கை போறன் எண்டு சொன்னவவோ?"

"ஓம், சொன்னவ," என்றாள் மரியநாயகி. "நீங்கள் கேட்டால், கோயில் கூட்டம் எண்டு சொல்லட்டாம்."