மூன்று குழுக்கள் கட்டிய கார்

எண்ணெய் தீரப்போகிறது என்கிற சேதியை அரசாங்கம் மிகுந்த கவலையோடு ஏற்றுக்கொண்டு, அதற்கென்று ஓர் அலுவலகம் திறந்தது. எதிர்கால எரிபொருள் அலுவலகம் என்று பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. எண்ணெய் தீர்வதற்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் முதல் வருடம் நாற்காலிகள் வாங்கினார்கள். அடுத்த வருடம், அந்த நாற்காலிகளுக்கு மேசைகள் ஏன் உயரமாக இருக்கின்றன என்று விசாரித்தார்கள்.

அங்கே துணை இயக்குநராக இருந்தவருக்கு ‘சமரசம்’ என்று பட்டப்பெயர். யார் மனமும் நோகாமல் முடிவெடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் மனைவி டீ என்றும் மகள் காப்பி என்றும் மல்லுக்கட்டியபோது, இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, கடைசியில் தானே உட்கார்ந்து குடித்துத் தீர்த்தவர். இந்தப் புத்தியை நினைத்து அவரே தலையில் அடித்துக்கொண்டதுண்டு. ஆனாலும் என்ன செய்வது, இயக்குநர் பதவி காலியாக இருந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடும் கார் ஒன்றைத் துறைச் செயலாளர் முன்னால் ஓட்டிக் காட்டினால் அந்தப் பதவி சமரசத்துக்குத்தான். ஓட்டிக் காட்டும் முன்பே மனைவி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அலுவலகத்தில் மூன்று குழுக்கள்.

“பேட்டரிதான் சார் எதிர்காலம்” என்றார் மின்சாரக் குழுத் தலைவர்.

“அது சார்ஜ் ஏறுறதுக்குள்ள எதிர்காலமே முடிஞ்சிரும். ஹைட்ரஜன்தான் சார் சரி” என்றார் வாயுக் குழுத் தலைவி.

“அது வெடிச்சா எதிர்காலம் யாருக்கு? விளக்கெண்ணெய் ஊத்துவோம் சார்” என்றார் தாவர எண்ணெய்க் குழுத் தலைவர்.

“விளக்கெண்ணெயில கார் ஓடாது, குடிச்சவங்கதான் ஓடணும்!” என்றார் வாயுக் குழுத் தலைவி.

சமரசம் கையை உயர்த்தினார். “யாரையும் விட வேண்டாம். மூணையும் வெச்சிருவோம்.”

அவ்வாறே வைக்கப்பட்டது. பின்சீட்டைக் கழற்றி பேட்டரிகள், முன்சீட்டைக் கழற்றி சிலிண்டர், மிச்ச இடத்தில் பீப்பாய். டிரைவர் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தார்.

“சார், நான் எங்க உக்கார்றது?”

“அதுக்கு நாலாவது குழு போடணும்” என்றார்கள் மூவரும். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

கடைசியில் டிரைவர் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து, கையை மட்டும் உள்ளே விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

செயலாளர் வந்தார். கொடி அசைத்தார். கார் பெருமூச்சு விட்டது; பாரம் தாங்காமல் டயர்கள் அமுங்கின. அதற்கு மேல் அசையவில்லை.

“உங்க பங்கு முதல்ல ஓடட்டும்” என்று மூன்று தலைவர்களும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள்.

சமரசத்துக்கு மனைவி போட்ட போன்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? மானம் போகிற வேகத்தில் மனிதர் காரின் பின்னால் ஓடி, டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு தள்ள ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் மூன்று குழுக்களும் வந்து கைகொடுத்தன. கார் நகர்ந்தது.

செயலாளர் கைதட்டினார். “பிரமாதம்! எதுல ஓடுது?”

“மனித... ஆற்றல்... சார்” என்றார் சமரசம், மூச்சு வாங்க.

“புகை வருமா?”

“வராது சார். வேர்வைதான்.”

“தீர்ந்து போயிருமா?”

“ஜனத்தொகை ஏறிக்கிட்டேதான் சார் இருக்கு.”

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் படம். அந்த வாரமே நாகரிகம் தெரிந்தவர்கள் காரைத் தள்ளத் தொடங்கினார்கள். தள்ளுவதற்கென்று கையுறை வந்தது, காலணி வந்தது. உள்ளே உட்கார்ந்து ஓட்டியவர்களை, “இன்னுமா?” என்று தெருவே பரிதாபமாகப் பார்த்தது.

சமரசம் இயக்குநர் ஆனார். அந்தத் துறையில் அவருக்கே அனுபவம் அதிகம் என்பதால், செயலாளரின் காரைத் தள்ளும் பொறுப்பும் அவரிடமே மனமுவந்து ஒப்படைக்கப்பட்டது.

ஒரு நாள் காலை செயலாளர் உள்ளிருந்து, “பெட்ரோல் பங்குக்கு விடுங்க” என்றார்.

“பெட்ரோல் எதுக்கு சார்? நாந்தான் தள்றேனே!”

“தீரப்போகுதுன்னு நீங்கதானே சொல்றீங்க? நிரப்பி வெச்சுக்க வேண்டாமா?”

பங்க் வாசலிலிருந்து தெருக்கோடி வரை வரிசை நின்றது. கையுறையும் காலணியுமாக, ஊரே தன் தன் காரைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. மூன்று குழுத் தலைவர்களும் இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டேங்க் ஏற்கனவே நிரம்பி வழிகிறது என்று பங்க் ஊழியர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். “ஆவியாப் போன அளவுக்காவது போடுப்பா” என்று அவர்கள் கெஞ்சினார்கள்.

சமரசம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்னால் நின்ற காரைப் பார்த்தார். அது அவருடைய கார். பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தது அவர் மனைவி.

“நீ எங்க இங்க?”

“டைரக்டர் பெண்டாட்டி உள்ள உக்காந்து ஓட்டிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?” என்றாள் அவள், திரும்பாமலே. “கொஞ்சம் பாத்துத் தள்ளுங்க. உங்க வண்டி என் மேல இடிக்குது.”